நீலகிரியில் அரசியல் பேச: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

பள்ளிக்கூடத்துக்கோ பேங்க்குக்கோ மாற்றலாகி நீலகிரிக்கு வந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் கோத்தகிரிப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து ஆன்லைனில் வேலை பார்க்க வந்திருப்பீர்கள். குளிர் சீக்கிரம் பழகிவிடும். டீக்கடைப் பேச்சு பழகத்தான் கொஞ்ச நாள் ஆகும். கீழே கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ பேசிய அதே தோரணையில் இங்கே அரசியலை ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார், நாம் என்ன தப்பாகச் சொன்னோம் என்று உங்களுக்குக் கடைசிவரை பிடிபடாது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த மலையில் ஒருவருடைய அரசியல் அவர் கட்சிக் கரைவேட்டியில் இல்லை. அவர் குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இருக்கிறதா, போன மாதம் பச்சைத்தேயிலைக்குக் கிலோவுக்கு எவ்வளவு கிடைத்தது, ராத்திரி வீட்டு வாசலுக்கு யானை வந்ததா, அதில் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவரோடு எந்தக் கட்சிக்காரரும் மரியாதையாகப் பேசுவார். கட்சியைக் கடைசியில் கேளுங்கள், கேட்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

முதலில் ஊர் விஷயம்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் தொட்டால் வலிக்கிற இடம் வேறு.

கூடலூர், பந்தலூர் என்றால் நிலம். அந்தப் பக்கத்து நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம் நிலம், அதாவது பரம்பரை உரிமை நிலம், அவர்களிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் பல எஸ்டேட்டுகள் உருவாயின. தமிழக அரசு 1969ல் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் போட்டது, 1974ல் நடைமுறைக்கு வந்தது, சுமார் 80,000 ஏக்கர் அதற்குள் வந்தது. அதில் குத்தகை நிலங்கள் யாருக்கு உரிமை என்று முடிவாகாமல் சட்டத்தின் 17ஆம் பிரிவில் போய்ச் சிக்கிக்கொண்டன. இன்றைக்கும் அங்கே ‘செக்ஷன் 17’ என்று சொன்னால் படிக்காத பாட்டிக்கும் என்னவென்று தெரியும். அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணை (கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாதபடி சட்டங்களைச் சேர்த்து வைக்கிற பட்டியல்) பற்றி 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சேர்ந்து ஒரு தீர்ப்பு சொன்னார்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கிற கோயலோ வழக்கு, அது கிளம்பிய இடமே இந்தக் கூடலூர் நிலம்தான். டெல்லியில் அவ்வளவு பெரிய கேள்வியாகப் போன விஷயம் ஓவேலியில் ஒரு வீட்டுக்குக் கரண்ட் கனெக்ஷன் கிடைக்குமா கிடைக்காதா என்று நிற்கிறது. பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கில் படித்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘ஆக்கிரமிப்பை எல்லாம் அகற்றினால்தான் காடு பிழைக்கும்’ என்று பொதுவாகச் சொன்னால் அந்த வீட்டுக்காரர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அதே சமயம், இவர்கள் எல்லோருக்கும் முன்னாலிருந்து அந்தக் காட்டில் பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இருக்கிறார்கள், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தங்களுக்கு என்ன கொடுத்தது என்று அவர்கள் கேட்கிற கேள்வி இன்னொரு பக்கம் நிற்கிறது. ஒரே டீக்கடையில் இந்த இரண்டு பேரும் அடுத்தடுத்த பெஞ்சில் இருப்பார்கள்.

அப்புறம் தாயகம் திரும்பியோர், அதாவது இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்கள். 1964ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது, மீதமிருந்த 1,50,000 பேரை 1974ல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மக்களை எண்ணிக்கையாகப் பிரித்த ஒப்பந்தம் அது; அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. டேன்டீ நஷ்டம், டேன்டீ நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்ற செய்தி உங்களுக்கு ஒரு பட்ஜெட் வரி. தோட்டம் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிற தொழிலாளிக்கு ரிட்டயர் ஆனதும் எங்கே போய்த் தங்குவது என்ற கவலை.

குன்னூர், கோத்தகிரி, குந்தா என்றால் இலை விலை. சிறு விவசாயிகள் கொழுந்தைக் கூட்டுறவு ஃபேக்டரிக்கோ தனியார் ஃபேக்டரிக்கோ கொடுக்கிறார்கள், குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதை ஒட்டித் தேயிலை வாரியம் மாதாமாதம் இலைக்கு ஒரு விலை அறிவிக்கிறது. உரம், மருந்து, கவாத்துக் கூலி எல்லாம் போக மிச்சம் என்ன என்பதில்தான் எந்த அரசு நல்ல அரசு என்ற கணக்கு இருக்கிறது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: தோட்டக்காரர் விலை பற்றாது என்பார், அவர் தோட்டத்தில் இலை பறிக்கிற அக்கா கூலி பற்றாது என்பார், இரண்டும் உண்மை. ஒருவர் பக்கம் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். படுகர் ஹட்டிகளில், அதாவது படுகர் சமுதாயத்துக் கிராமங்களில், தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நீண்டகாலமாக இருக்கிறது. அதைப் பற்றி முழுதாகத் தெரியாமல் ‘ஆமாம்’ என்றும் சொல்ல வேண்டாம், ‘எப்படி முடியும்’ என்றும் சொல்ல வேண்டாம், கேளுங்கள்.

மசினகுடிப் பக்கம் யானை வழித்தடம், யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற பாதை. 2010ல் அரசு அறிவித்தது, 2020 அக்டோபர் 14ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊட்டியில் இ-பாஸ், வெளியூர் வண்டிகள் வர ஆன்லைனில் எடுக்கிற அனுமதி. சாலை விஷயம் கூடலூருக்கு உண்டு: மைசூர் ரோட்டில் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 வரை வண்டி போகாது.

இவ்வளவும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் தாலுகாவின் விஷயம் ஒன்றையாவது கொஞ்சம் ஆழமாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எங்கே பேசலாம்

டீக்கடை நல்லது, ஏனென்றால் யார் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பஸ் நிறுத்தம் நல்லது, பஸ் வந்தால் பேச்சு தானாக முடிந்துவிடும். வேலை செய்கிற இடம் நல்லதில்லை. எஸ்டேட்டில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளியிடம் கூலியைப் பற்றிக் கருத்துக் கேட்டால், அவர் சொல்கிற பதில் அவருடையதாக இருக்காது, அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட்டதுதான் மிச்சம். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரிடமும் அப்படித்தான். சம்பளம் கொடுக்கிற கையோடு வாதாட யாருக்கும் வாய் வராது.

நீங்கள் அரசு ஊழியர் என்றால் இன்னும் ஒன்று: 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி அரசியலில் இறங்க உங்களை விடாது. ஊர்க் கஷ்டத்தைக் கேட்பதில் தடை ஒன்றும் கிடையாது, ஆனால் டீக்கடையில் ஒரு கட்சிக்காக வாதாடினால் நாளைக்கு உங்களிடம் சர்டிபிகேட் வாங்க வருகிறவர், இவர் எந்தப் பக்கம் என்று பயந்துகொண்டே வருவார். விதியைவிட எனக்கு இதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

துக்க வீடு, ஹெத்தையம்மன் பண்டிகை, கோயில் திருவிழா, கல்யாணம், இங்கெல்லாம் வேண்டாம்.

முதல் கேள்வி

முதலில், கேட்கக் கூடாத கேள்விகள். ‘நீங்க இங்க எந்த வருஷம் வந்தீங்க?’ என்பது சாதாரண விசாரிப்பு போலத் தெரியும். கூடலூரில் அது ரெவின்யூ ஆபீசர் கேட்கிற கேள்வி. எந்த வருஷத்திலிருந்து அனுபவத்தில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் அவர் இடம் நிற்குமா போகுமா என்பதே. ‘சொந்த ஊர் எது?’ என்று தாயகம் திரும்பிய குடும்பத்துப் பையனிடம் கேட்டால், அவன் பிறந்தது இங்கேதான், என்ன சொல்லுவான்? மூன்று தலைமுறையாகக் கூடலூரில் இருக்கிற மலையாளம் பேசுகிற குடும்பத்தை ‘கேரளாக்காரங்க’ என்று சொல்வதும் அப்படித்தான். ‘ஓட்டு யாருக்குப் போட்டீங்க?’ என்பதை எந்த ஊரிலும் கேட்காதீர்கள், வாக்கு ரகசியம் என்பது சட்டம், நம் நாட்டில் ஏழைக்கு இருக்கிற ஒரே ரகசியமும் அதுதான்.

இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: ‘இந்த மாசம் இலைக்கு என்ன கொடுத்தாங்க அண்ணே?’ ‘ராத்திரி உங்க பக்கம் யானைச் சத்தம் கேட்டுச்சே, வாழை எல்லாம் தப்பிச்சுதா?’ ‘பிள்ளைங்க பஸ்ஸுக்கு எவ்வளவு தூரம் நடக்குதுங்க அக்கா?’ இதில் எதிலுமே கட்சி இல்லை. ஆனால் பதில் வரும்போது அரசாங்கம், எம்எல்ஏ, வனத்துறை, கோர்ட் எல்லாம் தானாக வந்துவிடும், அதுவும் அவர் எந்த வரிசையில் கோபப்படுகிறார் என்ற வரிசையிலேயே வரும். பெரியவராக இருந்தால் ஐயா, கொஞ்சம் மூத்தவர் என்றால் அண்ணே, அக்கா. உங்களைவிட வயதில் சின்னவர்தான் ஜீப் ஓட்டுகிறார் என்றாலும், ‘வாங்க, போங்க’ என்றே பேசுங்கள். அரசியல் கருத்தில் வருகிற சண்டை பாதி, ஒருமையில் பேசியதால் வருகிற சண்டை.

அவர் சொன்னதை அவரிடமே சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம். எதிராளி பேசும்போது நாம் கேட்பதில்லை, நம் பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு மாற்று இது: நீங்கள் உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்னால், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவரிடமே சொல்லுங்கள், அவர் ‘ஆமா, அதேதான்’ என்று சொல்லும்வரை.

மசினகுடியில் ஒரு ஜீப் டிரைவரோடு பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு யானை மேல் பிரியம், வழித்தடத் தீர்ப்பு சரி என்று நினைக்கிறீர்கள். பேச்சு இப்படிப் போகலாம்.

‘தீர்ப்புக்கு அப்புறம் தொழில் எப்படிண்ணே போகுது?’

‘எங்க சார் தொழில்? ரிசார்ட்டை எல்லாம் மூடிட்டாங்க, ஆள் வர்றது கொறஞ்சு போச்சு. வர்றவன் யானையைப் பார்க்கத்தானே வர்றான்? யானையை வச்சுத்தான் நாங்க பொழைக்கிறோம், யானைக்கு நாங்க எதிரியா?’

‘அப்ப யானை வேண்டாம்னு நீங்க சொல்லல. கோடு போட்டவங்க உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலன்னு சொல்றீங்க.’

‘அது மட்டும் இல்ல சார். நேத்து வந்து கட்டின ரிசார்ட்டும் எங்க பாட்டன் காலத்து வீடும் ஒண்ணா? ரெண்டையும் ஒரே மாதிரி பார்த்தா எப்படி?’

‘சரி, ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும், அதுதான் உங்க பேச்சு.’

‘அதேதான்.’

இதற்குள் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். அவர் வழித்தடத்துக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு வந்தீர்கள், அவர் கேட்பது வேறு. நீங்கள் வீட்டுக்குப் போய் யோசிக்க ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது, பாட்டன் காலத்து வீட்டையும் ரிசார்ட்டையும் ஒன்றாக வைக்கலாமா என்று. இனி நீங்கள் ‘ஆனா அண்ணே, வேலி போட்டா யானை எங்க போகும்?’ என்று கேட்டால் அவர் பதில் சொல்லுவார். முதல் வாக்கியமாகவே அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

திருப்பிச் சொல்லும்போது குரலில் நக்கல் வந்துவிடக் கூடாது. ‘அதாவது உங்களுக்குச் சட்டமே வேண்டாம், அப்படித்தானே?’ என்பது திருப்பிச் சொல்வது ஆகாது, வம்புக்கு இழுப்பது.

தகவலில் முட்டிக்கொண்டால்

மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். உத்தரவில் என்ன இருக்கிறது, அதனால் யாருக்கு என்ன ஆனது, அது நல்லதா கெட்டதா. முதலாவதைக் காகிதத்தில் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதில் அங்கே வாழ்கிறவருக்கு உங்களைவிட அதிகம் தெரியும். மூன்றாவதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இ-பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஊட்டிக்கு டூரிஸ்ட்டே வரக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு’ என்று ஒருவர் சொல்லுவார், ‘அதெல்லாம் சும்மா, ஒரு கட்டுப்பாடும் இல்ல’ என்று இன்னொருவர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். டிஎன் 43 உள்ளூர் வண்டிகளுக்கு அது கிடையாது. இவ்வளவு தெரிந்தால் பாதிச் சத்தம் அடங்கும். அதற்குப் பிறகு சேரிங்கிராஸில் கடை வைத்திருப்பவர் ‘எனக்கு ஏப்ரல் மே ரெண்டு மாச வியாபாரம்தான் வருஷம் முழுக்கச் சோறு’ என்று சொன்னால், அதை எந்த உத்தரவைக் காட்டியும் மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது. மறுபக்கம், அதே சீசனில் பர்லியாறு ரோட்டில் மணிக்கணக்கில் நிற்கிற ஆம்புலன்ஸுக்குள் இருப்பவரும் உள்ளூர்க்காரர்தான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ‘நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்’ என்றால் உண்மையிலேயே பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு எதிராக இருந்தாலும் சொல்லுங்கள், அப்போதுதான் சொல்ல வேண்டும். யானை வழித்தடத் தீர்ப்பில், பாதிக்கப்பட்டவர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஒரு குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. அந்த ஜீப் டிரைவரிடம் அதைப் போய்ச் சொல்வது, அவர் தரப்புக்கு நீங்கள் செய்கிற நியாயம்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை ஆதாரமாக நீட்ட வேண்டாம். அவரும் ஒன்றை நீட்டுவார்.

உங்கள் கருத்தைச் சொல்லும்போது

சொல்லத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ‘இந்த ஜனங்களுக்கு ஒண்ணும் புரியல’ என்று பேசுவது மரியாதை ஆகாது, அது அவரைப் பேசத் தகுதியில்லாதவராக நடத்துவது.

ஆனால் எங்கே உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். ‘எனக்கு மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துடும்ணே, இலை விலை எறங்கினா எனக்கு ஒண்ணும் ஆகாது, அதனால நான் பார்க்கிறது வேற மாதிரி இருக்கலாம். எனக்கு என்னமோ இது சரின்னுதான் தோணுது, ஏன்னா...’ இப்படி ஆரம்பித்தால் எதிராளி சண்டைக்கு வர மாட்டார், விளக்கத்துக்கு வருவார். காரணம் ஒன்று சொல்லுங்கள், ஐந்து சொல்லாதீர்கள். ஐந்து சொன்னால் அதில் மட்டமான ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு ஓடும். தலைவர்களைத் திட்டுவதை விட்டுவிடுங்கள், அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பற்றி நீங்கள் சொல்கிற வார்த்தை அவர் அப்பாவைச் சொன்னது போலப் போய்ச் சேரும். ‘உங்க ஆளுங்க’ என்ற பேச்சும் வேண்டவே வேண்டாம். அவர் ஒருவர்தான் உங்கள் எதிரில் இருக்கிறார்.

எப்போது நிறுத்துவது

பதில் ‘ம்’, ‘பார்க்கலாம்’ என்று சுருங்கினால், போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால், கடைக்காரர் பெஞ்சைத் துடைக்க வந்தால், போதும். ‘சரிண்ணே, இன்னொரு நாள் பேசுவோம்’ என்று எழுந்துவிடுங்கள். கடைசி வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு சமயத்தில் மட்டும் ஆரம்பிக்கவே கூடாது. யானை மிதித்தோ புலி அடித்தோ ஓர் ஆள் செத்துப் போன வாரத்தில், கூடலூர் பந்தலூர் பக்கம் ரோட்டை மறித்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை நீங்கள் பார்க்கலாம். அன்றைக்குப் போய் வழித்தடம், காட்டுயிர், மனிதன்தான் காட்டுக்குள் போனான் என்றெல்லாம் பேசுவது கொடுமை. நீங்கள் சொல்வது விஷயமாகச் சரியாக இருந்தாலும் கொடுமைதான். அந்த வீட்டுக்கு நஷ்டஈட்டு விண்ணப்பம் எழுத ஆள் வேண்டியிருக்கும், எழுதத் தெரிந்தால் போய் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, மரியாதை என்றால் எல்லாவற்றையும் விழுங்குவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சு ஒரு சாதியையோ மதத்தையோ பழங்குடியினரையோ இழிவாகப் பேசுகிற இடத்துக்குப் போனால், குரலை உயர்த்தாமல், ‘அப்படிச் சொல்லாதீங்கண்ணே, அவங்களும் நம்ம ஊர்க்காரங்கதான், இதுல எனக்கு உடன்பாடு இல்ல’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவர்களில் யாருக்கு அது தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

தேர்தல் சமயத்தில்

கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கிடையாது, வாக்குச் சாவடிக்கு 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது குற்றம். இது கட்சிக்காரர்களுக்கு மட்டும் இல்லை, வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சும்மா சொல்வதுபோல் சொல்லுகிற உங்களுக்கும்தான்.

முடிவு வருகிற நாள் கொஞ்சம் கவனம் வேண்டும். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று மூன்றே சட்டமன்றத் தொகுதிகள், வேட்பாளருக்கு வேலை செய்தவர்களை உங்களுக்கு நேரிலேயே தெரிந்திருக்கும். தோற்ற பக்கத்துக்காரர் கடைக்கு வரும்போது டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர் தேர்தலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கேளுங்கள். எடுக்காவிட்டால் இலை விலையைக் கேளுங்கள், அடுத்த மாத விலை யார் ஜெயித்தாலும் வரத்தான் போகிறது, அதைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருக்கும்.